பக்க எண் அடித்த நோட்டு

நவம்பர் 5, செவ்வாய்

வண்டி போய்விட்டது.

முதல் ஷிஃப்ட் முடிந்து இரண்டரைக்கு வெளியே வந்தேன். காலையில் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நிறுத்திய இடத்தில் எண்ணெய்ச் சொட்டு மட்டும் இருந்தது. பக்கத்தில் நின்ற நாலு வண்டிகளும் அப்படியே நின்றன. என்னுடையதை மட்டும் பொறுக்கி எடுத்திருக்கிறான்.

கம்பெனிக்குள் தகரக் கூரை போட்ட ஷெட் இருக்கிறது. அது ரோலில் இருக்கும் நிரந்தர ஆட்களுக்கு. காண்ட்ராக்ட் ஆட்கள் ரோட்டில்தான் நிறுத்த வேண்டும். சுவரில் போர்டு: 'வாகனங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.' ஒரே மெஷினில் ரோல்காரன் ஒருவனும் நானும் எதிரெதிரே நிற்கிறோம். அவன் வண்டிக்கு நிழல். என் வண்டிக்கு போர்டு.

செக்யூரிட்டியிடம் கேட்டேன். "கேட்டுக்கு உள்ள நடக்கறதுக்குத்தான் தம்பி எனக்குச் சம்பளம்" என்றார். கேமராவும் உள்ளேதான் பார்க்கிறது.

இதில் கேவலம் என்னவென்றால், என் வேலையே டூவீலருக்கு லாக் செட் பொருத்துவது. ஒரு ஷிஃப்டுக்கு ஆயிரத்து நூறு ஹேண்டில் லாக் என் கையைத் தாண்டிப் போகிறது. ஹேண்டிலை ஓங்கி ஒரு உதை விட்டால் உள்ளே இருக்கும் ஊசி முறியும் என்பது எனக்குத் தெரியும். வாங்குகிறவனுக்குத் தெரியாது.

ரூமுக்கு வந்து லூர்துவிடம் சொன்னேன். தூத்துக்குடிக்காரன், வெல்டிங் பிரிவு. "ஏல, பூட்டு செய்யுறவன் வண்டியே களவு போச்சுன்னா ஊரான் வண்டிக்கு என்னல கதி?" என்று விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு அவனே டீ வாங்கிக்கொண்டு வந்தான்.

நவம்பர் 6, புதன்

பர்மிஷன் போட்டுவிட்டு ஸ்டேஷன் போனேன். ஒரு மணி நேரம் பெஞ்சு. ரைட்டர் தலை நிமிராமல் ஆர்.சி.யைக் கேட்டார்.

ஆர்.சி. மாதப்பன் பெயரில் இருக்கிறது. காவேரிப்பட்டினத்துக்காரர், டைல்ஸ் ஒட்டும் வேலை. எட்டு மாதத்துக்கு முன் புரோக்கர் மூலம் அவரிடம் வாங்கினேன். விற்பனைப் படிவங்களில் கையெழுத்துப் போட்டுத்தான் கொடுத்தார். ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடந்து பேர் மாற்ற வேண்டியது நான். அதற்கு இரண்டு நாள் லீவு வேண்டும். லீவு போட்டால் காண்ட்ராக்டர் வேறு ஆளைப் போடுவான். இந்த ஊரில் பாதி வண்டி இப்படித்தான் ஓடுகிறது. ஓட்டுகிறவன் ஒருவன், பேர் இன்னொருவனுடையது.

"பேர் யாருதோ அவன்தான் புகார் குடுக்கணும். நீ யாரு அந்த வண்டிக்கு?"

"ஓட்டுறவன் சார்."

"ஓட்டுறவனா? அப்ப நீயே ஏன் ஓட்டிட்டுப் போயிருக்கக் கூடாது?"

பக்கத்தில் இருந்த ஏட்டு சிரித்தார். திருடு கொடுத்தவனைப் பார்த்துச் சிரிக்கிற ஒரே ஆபீஸ் இதுதான்.

மாதப்பனுக்குப் போன் போட்டேன். "ஐயையோ, போயிடுச்சா தம்பி? தங்கமான வண்டியாச்சே" என்று அவர் வீட்டில் களவு போன மாதிரி வருத்தப்பட்டார். கிருஷ்ணகிரியில் ஒரு வீட்டுக்கு டைல்ஸ் வேலை, சனிக்கிழமைதான் முடியும், ஞாயிறு வருகிறேன் என்றார்.

நவம்பர் 7, வியாழன்

நாலேகாலுக்கு எழுந்து வேலைக்கு நடந்தே போனேன். சாயங்காலம் பழைய இரும்புக் கடைகளில் தேடினேன். ஒரு கடைக்காரன், "மாநில எல்லை தாண்டினா மணி நேரத்துல பார்ட் பார்ட்டா பிரிச்சிடுவானுங்க, இங்க வந்து தேடறியே" என்றான். டீக்கடையில் வேறு பேச்சு. ஆசிரியர் காலனியில் இன்று காலை ஆறு மணிக்கு வாக்கிங் போன அம்மா ஒருவரிடம் பைக்கில் வந்து செயினை அறுத்தார்களாம், இழுத்ததில் விழுந்து மண்டையில் அடியாம். அவரவர்க்கு அவரவர் திருடன்.

நவம்பர் 8, வெள்ளி

எச்.ஆர். கூப்பிட்டார். டிசம்பரில் காண்ட்ராக்ட் ஆட்களில் இருபத்திரண்டு பேரை ரோலில் எடுக்கிறார்களாம். என் பெயர் இருக்கிறது. மூன்று வருடக் காத்திருப்பு. போலீஸ் வெரிஃபிகேஷன் மட்டும் பாக்கி, எந்த வழக்கிலும் பேர் இருக்கக் கூடாது. வண்டி போனது கூட இரண்டு மணி நேரம் மறந்தது.

நவம்பர் 10, ஞாயிறு

மாதப்பன் ஒன்பது மணி பஸ்ஸில் வந்தார். படியிலிருந்து இறங்கவே அரை நிமிடம் ஆனது. இருபது வருடம் தரையில் மண்டி போட்டு டைல்ஸ் ஒட்டிய முட்டி. கிக்கரை மிதிக்க முடியாமல்தான் வண்டியை விற்றார். சட்டைப் பையிலிருந்து மஞ்சள் கயிறு கட்டிய சாவியை எடுத்தார். "ரெண்டாவது சாவி தம்பி. அன்னிக்கே குடுத்திருக்கணும். சாமி படத்துக்குப் பின்னாடி மாட்டி வெச்சு மறந்துட்டேன்."

ஸ்டேஷனில் அதே ரைட்டர். இன்று ஞாயிறு என்பதால் கொஞ்சம் மனிதராக இருந்தார்.

"என்னிக்குப் போச்சு?"

"அஞ்சாந்தேதி சார்."

"இன்னிக்குத் தேதி பத்து. அஞ்சு நாள் என்ன பண்ணீங்க, அவன் கொண்டுவந்து விடுவான்னு பாத்தீங்களா?"

"நான் ஆறாம் தேதியே வந்தேன் சார். நீங்கதான்..."

"நீ வந்தது எந்த ரெஜிஸ்டர்ல இருக்கு?"

எதிலும் இல்லை. அவர்தான் சொல்லிக் கொடுத்தார். தாமதமாகக் கொடுத்த புகார் என்றால் இன்சூரன்ஸ்காரன் முதலில் அதைத்தான் பிடிப்பான். விற்றுவிட்டேன் என்று எழுதினால் சுத்தமாக வராது. "நேத்து காலையில ஓனர் பஸ் ஸ்டாண்டு பக்கம் நிறுத்தினாரு, வந்து பாத்தா காணோம். அவ்வளவுதான். திருட்டுன்னு எழுதாத, காணவில்லைன்னு எழுது. உன் பேரே வேணாம்." திருட்டு என்று எழுதினால் அவர்களுக்கு ஒரு கேஸ் கூடும். காணவில்லை என்றால் புகார் வந்தது என்று ஒரு சி.எஸ்.ஆர். ரசீது, அதோடு போயிற்று. எனக்கு அது புரியாமல் இல்லை. ஆனால் இன்சூரன்ஸ் வந்தால் மாதப்பன் வாங்கி என்னிடம் தருவதாகப் பேச்சு. வேறு வண்டி வாங்க எனக்கு வேறு வழி இல்லை.

புகாரை நான்தான் எழுதினேன். மாதப்பனுக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். பேனாவை வாங்கிக்கொண்டு போடாமல் என்னைப் பார்த்தார்.

"தேதியை மாத்தறது தப்பில்லையா தம்பி?"

"எல்லாரும் இப்படித்தாண்ணே. போடுங்க, ஒண்ணும் ஆகாது."

போட்டார்.

மழை பிடித்துக்கொண்டது. ரூமுக்கு அழைத்து வந்தேன். இந்த நோட்டு ஸ்டூல் மேல் கிடந்தது. கம்பெனியில் வேண்டாம் என்று தூக்கிப் போட்ட ரிஜெக்ஷன் ரெஜிஸ்டர், நீல அட்டை, ஒவ்வொரு பக்கத்திலும் எண் அச்சடித்தது. தினமும் எழுதுவேன் என்றேன். "இதுல நான் வர்றேனா?" என்று கேட்டார். ஐந்தாம் தேதியையும் ஆறாம் தேதியையும் படித்துக் காட்டினேன். தங்கமான வண்டி என்ற இடத்தில் வெட்கப்பட்டுச் சிரித்தார். பக்க எண் மேல் விரலை வைத்துத் தடவி, "ஒரு தாளைக் கிழிச்சாலும் தெரிஞ்சிடும் இல்ல?" என்றார்.

இரண்டு சாவியும் ஓனர் கையில் இருந்தால்தான் இன்சூரன்ஸ் எடுபடும் என்று எங்கள் லைன் லீடர் சொல்லியிருந்தார். என் சாவியையும் மாதப்பனிடமே கொடுத்தேன். என் ரெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

நவம்பர் 13, புதன்

இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போன் பண்ணினேன். சி.எஸ்.ஆர். செல்லாது, எஃப்.ஐ.ஆர். வேண்டும். பிறகு தேடியும் கிடைக்கவில்லை என்று போலீஸ் ஒரு சான்றிதழ் தர வேண்டும். தேடவே இல்லை என்பதற்குச் சான்றிதழ் யார் தருவது என்று கேட்கத் தோன்றியது.

நவம்பர் 16, சனி

ஆசிரியர் காலனி அம்மா ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். ரிட்டயர்டு நர்ஸ். வாட்ஸ்அப்பில் கேமரா பதிவு சுற்றுகிறது. கறுப்பு வண்டி, இரண்டு பேர், இரண்டு பேருக்கும் ஹெல்மெட். லூர்து போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"ஏல பொன்னரசு, இது உன் வண்டியில்லா?"

ஒரே மாதிரி வண்டி ஆயிரம் இருக்கும் என்றேன். அவன் நம்பர் பிளேட்டைப் பெரிதாக்கினான். கடைசி நாலு எண் தெரிந்தது.

சோறு வடிக்க மறந்து குழைந்துவிட்டது.

நவம்பர் 18, திங்கள்

மாதப்பனைப் பிடித்துவிட்டார்கள்.

அவர் மனைவி முனிரத்னம்மா மதியம் போன் பண்ணினார். விடியற்காலை ஐந்து பேர் வந்தார்களாம். வீட்டைப் புரட்டி அரிசி டப்பாவிலிருந்து இரண்டு சாவியையும் எடுத்தார்களாம். "பத்திரமா வெக்கணும்னு சொன்னாருன்னு நாந்தாம்பா அரிசிக்குள்ள வெச்சேன்" என்று அழுதார்.

போலீஸ் கணக்கு எளிது. சம்பவம் ஏழாம் தேதி. வண்டி ஒன்பதாம் தேதிதான் காணாமல் போனது என்று ஓனரே கைப்பட... என் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அப்படியென்றால் ஏழாம் தேதி வண்டி அவரிடம்தான் இருந்தது. ஓட்டின இரண்டு பேரில் ஒருவன் அவர். ஏழாம் தேதி பத்து மணிக்குத்தான் வேலைக்கு வந்தார் என்று டைல்ஸ் வேலை நடந்த வீட்டுக்காரர் சொல்லிவிட்டாராம். அன்று காலை மாதப்பன் முட்டிக்கு ஊசி போட்டுக்கொண்டு போனார், ஊசி போட்டவனிடம் சீட்டு கிடையாது. புரோக்கரோ அப்படி ஒரு வண்டியை நான் பார்த்ததே இல்லை என்கிறான்.

படிக்காத கூலிக்காரன் கிடைத்தால் போதும், கேஸ் தானாக முடிந்துவிடும் இந்த நாட்டில். உண்மையைச் சொல்ல ஒருத்தன் கிடையாது.

நவம்பர் 19, செவ்வாய்

பேப்பரில்: 'நகை பறித்துவிட்டு வண்டி காணவில்லை என நாடகம். டைல்ஸ் தொழிலாளி கைது, கூட்டாளிக்கு வலை.'

நான் பொருத்திய லாக்கில் ரிஜெக்ஷன் 31. லைன் லீடர் கத்தினார்.

நவம்பர் 21, வியாழன்

ஸ்டேஷன் போனேன். ஷிஃப்ட் முடிந்து நேராக.

வண்டி கிடைத்துவிட்டது. ஏரிக்கரையில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஸ்டேஷன் வாசலில் செடி முளைத்த வண்டிகளுக்கு நடுவே நின்றது. டேங்க் மேல் வெள்ளைப் பெயின்டில் குற்ற எண். என் கை தானாக ஹேண்டிலுக்குப் போனது. இந்தப் பக்கம் திருப்பினால் முழுதாகத் திரும்பியது, பூட்டு பிடிக்கவில்லை. குனிந்து பார்த்தேன். ஊசி முறிந்திருந்தது. முறிந்த இடம் வெளுப்பாக, ஒரே உதையில் போனது. இக்னிஷன் ஒயரை வெட்டி முறுக்கியிருக்கிறார்கள். மூன்று வருடமாக இதைத்தான் கையில் தொடுகிறேன், எனக்குத் தெரியும். வீட்டில் இரண்டு சாவி வைத்திருப்பவன் தன் வண்டி லாக்கை உதைத்து உடைக்க மாட்டான்.

"யார்ரா அது, கேஸ் வண்டியில கை வெக்கிறது?" எஸ்.ஐ. வெளியே வந்தார்.

தெரிந்தவர் வண்டி என்றேன்.

"தெரிஞ்சவர்னா? மாதப்பன் கூட்டாளி ஒருத்தன் எங்களுக்கு வேணும். ரெண்டு பேர் போயிருக்கானுங்க. உன் பேர் என்ன, எங்க வேலை?"

சொன்னேன்.

"உன் பேரு இந்த ஃபைல்ல எங்கியும் இல்லையே. சேக்கணுமா?"

"இல்ல சார். சும்மா விசாரிச்சிட்டுப் போலாம்னு வந்தேன்."

"அந்த கம்பெனியா? இருபத்திரண்டு பேர் வெரிஃபிகேஷன் என் டேபிள்லதான் கெடக்கு. போய் வேலையைப் பாரு."

லாக்கைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

நவம்பர் 24, ஞாயிறு

மாதப்பனுக்கு இலவச சட்ட உதவியில் ஒரு வக்கீலம்மா வந்திருக்கிறார். இன்று அவரைப் போய்ப் பார்ப்பதாக முனிரத்னம்மாவிடம் சொல்லியிருந்தேன். காலையில் துணி ஊற வைத்தேன். தண்ணீர் பதினொரு மணிக்குத்தான் வந்தது. துவைத்து முடிக்க ஒரு மணி. அதற்கு மேல் பஸ் பிடித்து எங்கே போவது.

"போகலியால?" என்றான் லூர்து.

"அடுத்த ஞாயிறு."

"ஜெயில்ல இருக்கவனுக்கு ஏதுல ஞாயிறு?"

இவனுக்கு வாய் அதிகம். ரோல் லிஸ்டில் இவன் பெயர் இல்லை. அதனால் தைரியம்.

நவம்பர் 27, புதன்

வக்கீலம்மாவே போன் பண்ணினார். சின்ன வயதுக் குரல். நான் ஆறாம் தேதி மாதப்பனுக்குப் பேசியது போன் கம்பெனியில் பதிவாகியிருக்கும், ஆனால் என்ன பேசினோம் என்பது இருக்காது என்றார். "வண்டி உங்ககிட்ட இருந்துச்சு, அஞ்சாந்தேதி போச்சு. இதை நீங்க கோர்ட்ல வந்து சொல்லணும். அந்தத் தேதிக்கு ஏதாவது எழுத்துல இருந்தா ரொம்ப நல்லது. ஜாமீனாவது கிடைக்கும்."

சொன்னால் எனக்கு என்ன ஆகும் என்று கேட்டேன்.

அவர் பொய் சொல்லவில்லை. "உங்களையும் விசாரிப்பாங்க. பொய்ப் புகார் எழுதினதுக்குக் கேள்வி வரும். ஆனா உள்ள இருக்கறவர் மேல இருக்கறது கொலைக் கேஸ் சார்."

பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

எட்டு மாதம் வண்டியை ரோட்டில் நிறுத்தினேன். மூன்று வருடம் கேன்டீனில் கடைசி வரிசை. மகன் வேலை நிரந்தரமாகிறது என்று ஊரில் அப்பா எல்லோரிடமும் சொல்லிவிட்டார். அந்த ரைட்டரை யாராவது கேட்கிறார்களா? தேதியை மாற்றச் சொன்னது அவர். அவர் சாயங்காலம் வீட்டுக்குப் போய் நிம்மதியாக டி.வி. பார்ப்பார். எல்லாவற்றுக்கும் நான்தான் கிடைத்தேனா.

நவம்பர் 29, வெள்ளி

வக்கீல் நம்பரிலிருந்து நாலு தடவை. லைனில் இருந்தேன், எடுக்க முடியவில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

முனிரத்னம்மா ரூமுக்கே வந்துவிட்டார். விலாசம் எப்படிக் கிடைத்தது என்று தெரியவில்லை. காலை பத்து மணி. நான் கதவைத் திறந்தபோது ஒரு மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

நேற்று சேலம் ஜெயிலில் மனுப் போட்டு அவரைப் பார்த்தாராம். கம்பிக்கு அந்தப் பக்கம் இருபது பேர், இந்தப் பக்கம் இருபது பேர், எல்லோரும் கத்துகிறார்களாம். "கால் வீங்கிப் போயிருக்குது. கீழ உக்கார முடியல, நின்னுக்கிட்டேதான் கெடக்கறாரு. அழலப்பா. ஒண்ணே ஒண்ணுதான் திரும்பத் திரும்பச் சொன்னாரு. தம்பிகிட்ட நீல அட்டை போட்ட நோட்டு ஒண்ணு இருக்குது, அதுல எல்லாத்தையும் தேதி போட்டு எழுதி வெச்சிருக்கு, எனக்கே படிச்சுக் காட்டிச்சு. பக்கத்துக்குப் பக்கம் நம்பர் அடிச்சிருக்கு, நடுவுல எதையும் சொருக முடியாது. அதை வாங்கி வக்கீலம்மாகிட்ட குடுன்னாரு."

நான் கதவை ஒருக்களித்துச் சாத்தினேன்.

"வக்கீலம்மாவும் கேட்டாங்க. புகாரு எழுதுன கையும் அந்த நோட்டுல எழுதுன கையும் ஒண்ணா இருந்தா ஜட்ஜையா நம்புவாருன்னாங்க. உன் கால்ல வேணா விழறேம்ப்பா."

அவர் குனியப் பார்த்தார். நான் பின்னால் நகர்ந்தேன். லூர்து மூலையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். கத்திச் சத்தம் நின்றது.

நோட்டு ஸ்டூல் மேல்தான் இருந்தது. அதன் மேல் நியூஸ்பேப்பர், அதன் மேல் என் டிபன் பாக்ஸ்.

"அது பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுட்டேங்கக்கா" என்றேன். "போன மாசமே."

அவர் என்னையே பார்த்தார். கோபம் இல்லை. நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. பிறகு பையைத் திறந்தார். என் ரெயின்கோட். துவைத்து, காய வைத்து, புதுத் துணி மாதிரி மடித்திருந்தது.

"உன்னோடதாமே. மறக்காம குடுத்துடுன்னாரு."

வாங்கிக்கொண்டேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

லூர்து இரண்டு நாளாகப் பேசவில்லை. இன்று நான் இதை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது கேட்டான்.

"குடுக்கவும் மாட்டே. எரிக்கவும் மாட்டே. பின்ன யாருக்குல எழுதுத?"

பேனா மூடியைத் திறந்தேன். அவனுக்கு எதற்குச் சொல்ல வேண்டும்.

டிசம்பர் 6, வெள்ளி

ஜாமீன் மனு தள்ளுபடி. வக்கீலம்மா மெசேஜ் போட்டிருந்தார். ஒரே வரி.

டிசம்பர் 9, திங்கள்

வெரிஃபிகேஷன் முடிந்தது. ஏட்டு ரூமுக்கு வந்தார். அன்று பெஞ்சுக்குப் பக்கத்தில் சிரித்தவர்தான், என்னை அடையாளம் தெரியவில்லை. 'வழக்கு எதுவும் இல்லை' என்று எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். தேதியைச் சரிபார்த்துவிட்டுப் போட்டேன்.

லூர்து வேறு ரூம் பார்த்துவிட்டான். பாய், பக்கெட், வெங்காயக் கூடை எல்லாம் எடுத்துப் போனான். அடுப்பு என்னுடையது.

டிசம்பர் 16, திங்கள்

ரோலில் சேர்ந்தேன். புது பேட்ஜ், புது யூனிஃபார்ம், கேன்டீனில் முன் வரிசை. செக்யூரிட்டி என்னை சார் என்றார். இன்று ஆயிரத்து நூற்றைம்பது லாக், ரிஜெக்ஷன் 2.

ஷெட்டில் வண்டி நிறுத்த டோக்கன் கொடுத்தார்கள். எண் 88. வண்டி இல்லை என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டேன். மதியம் சாப்பிட்டுவிட்டு அந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். மஞ்சள் கோடு போட்டு எண் எழுதியிருக்கிறது. மேலே தகரம். சுற்றி எல்லா இடத்திலும் வண்டி நிற்கிறது. 88 மட்டும் காலி. நல்ல நிழல். தரையில் ஒரு எண்ணெய்ச் சொட்டு கூட இல்லை.